மார்லிஸ் வீட்டுக் கூரையில் பனி அணை

மார்லிஸ் கெம்பைனென் யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். கல்யாண வீடு, துக்க வீடு என்ற பேதமெல்லாம் அவளிடம் கிடையாது. ஒருமுறை சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவள், செத்தவரின் வீட்டைத் திரும்பிப் பார்த்து, "வடக்குப் பக்கம் முழுக்க உருகிக் கிடக்குது பாரு, இவர் உயிரோட இருந்தப்பவே சொன்னேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். வயது ஐம்பத்தெட்டு. உயரம் ஐந்தடி. குரல் மட்டும் ஏரியின் அக்கரை வரை போகும்.

எங்கள் கோஸ்கி கிரீக்கில் நவம்பரில் பனி மூடுகிற மண் ஏப்ரலில்தான் மறுபடி கண்ணில் படும். அதுவரை கூரை மேல் இடுப்பளவு பனி உட்கார்ந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை, உருகத் தொடங்கினால்தான் வினை. அந்த வினையைத் தீர்ப்பது மார்லிசின் தொழில். அவளுடைய பிக்கப் வண்டியில் ஒரு நீராவி மிஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு ஏணி. கூரை விளிம்பில் பாறையாக இறுகிப்போன பனிக்கட்டியை அந்த ஆவியால் கேக் வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாக அறுத்துத் தள்ளுவாள். கூரையின் தார் ஓட்டில் ஒரு கீறல் விழாது.

அறுத்ததோடு கிளம்பிவிட்டால் அவள் மார்லிஸ் இல்லை. பூட்சைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டுச் சமையலறையில் நின்று பாடம் எடுப்பாள்.

"ஐஸ் ஆகாசத்துலருந்து வரல. உங்க வீட்டுக்குள்ளருந்துதான் வருது. கீழ ஹீட்டர் போடுறீங்க. சூடு மேல போகும், அதோட குணம் அது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல பரண் இருக்குதே, அங்க போய் உக்காந்துக்கிட்டு கூரையைச் சூடாக்குது. மேல இருக்கிற பனி அடியில உருகி, தண்ணியா வழிஞ்சு கீழ வருது. சுவரைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டிருக்கே இறவாரம், அதுக்கு அடியில ஏது சூடு? அங்க வந்ததும் தண்ணி உறைஞ்சு போகுது. இன்னிக்கு ஒரு விரல் உசரம், நாளைக்கு ஒரு சாண். அணை கட்டியாச்சா? அப்புறம் வர்ற தண்ணி எங்க போகும்? பின்னால குளமாத் தேங்கி, ஓட்டுக்கு அடியில பூந்து, உங்க படுக்கை மேல சொட்டும். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினாலும் விடமாட்டாள். அடுத்து அந்தக் கேள்வி வரும். "சரி, போன குளிர்காலத்துக்கப்புறம் வீட்டுல புதுசா என்ன செஞ்சீங்க?" ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். "யோசிச்சுச் சொல்லுங்க" என்பாள். பத்து வீட்டில் ஒன்பதில் ஏதாவது அகப்படும். ஒருவர் சீலிங்கில் ஓட்டை போட்டு விளக்குப் பதித்திருப்பார். ஒருத்தி தக்காளி நாற்றுக்காகப் பரணில் ஹீட்டர் வைத்திருப்பாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் மார்லிஸ் துள்ளுவாள். இரண்டாவது காபிக்குத் தானாகவே கோப்பையை நீட்டுவாள்.

இந்த வெறி அவளுக்குச் சும்மா வரவில்லை. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸ் அன்று, சுட்ட பன்றித் தொடை மேஜையில் வந்து இறங்கிய அதே நேரத்தில் சீலிங்கும் வந்து இறங்கியது. ஊறிய பலகை, பழுப்புத் தண்ணீர், நைந்த பஞ்சு எல்லாம் இறைச்சியின் மேல். புருஷன் ராட்னி ரோஷப்பட்டுக் கோடரியோடு ஏணியில் ஏறினான். ஒரு மணி நேரத்தில் அணையைத் தகர்த்தான். அணையோடு சேர்த்து இரண்டு வரிசை ஓட்டையும் தகர்த்தான். வசந்தத்தில் மழை வந்தபோது வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மார்லிஸ் ஒரு சட்டம் போட்டாள்.

"ராட்னி, இனிமே நீ என் கூரையில கை வைக்கக் கூடாது. ஊசி நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டாலும் சரி, அந்த ஓட்டை வழியாவே உன்னை வெளிய அனுப்பிடுவேன்."

ராட்னி மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். பேச்சு கம்மி. முப்பத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டத்தை அவன் மீறியதில்லை.

பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன்பு நீராவி மிஷின் வாங்கியதும், மார்லிஸ் முதலில் புகுந்தது தன் வீட்டுப் பரணுக்குள்தான். மூன்று வாரம் வயிற்றால் ஊர்ந்து, சீலிங்கில் இருந்த ஒவ்வொரு இடுக்கிலும் நுரையைப் பீச்சி அடைத்தாள். மேலே முழங்கால் உயரத்துக்கு, சூடு ஏறாமல் தடுக்கிற பஞ்சைப் பரப்பினாள். பரண் கதவைச் சுற்றி நாடா ஒட்டி, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதை யாரும் திறக்கக் கூடாது என்று இன்னொரு சட்டமும் போட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டு இறவாரத்தில் ஒரு பனி விழுது தொங்கி யாரும் பார்த்ததில்லை. "விளம்பரப் பலகை எதுக்கு? என் வீட்டைப் பாத்துட்டுப் போங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களும் சாலை வளைவில் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ரொட்டி மேல் தடவிய வெண்ணெய் மாதிரி பனி குலையாமல் இருக்கும். விளிம்பு துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருக்கும்.

அப்படிப்பட்ட கூரையில்தான் இந்த ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை காலை, விழுது தொங்கியது!

ஒன்றல்ல, ஏழு. அதுவும் வளைவிலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படுகிற பக்கத்தில். ஏழுக்கும் பின்னால், விளிம்பை ஒட்டி, பளபளவென்று ஒரு வரப்பு. முற்றத்தில் காபிக் கோப்பையோடு நின்ற மார்லிஸ் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ராட்னி! இங்க வா! ஹீட்டரை ஏத்துனியா?"

"இல்ல."

"பூட்ஸ் காயவைக்கறேன்னு மேல எதையாவது மாட்டினியா?"

"இல்லையே."

"அப்ப இது என்ன?"

செப்டம்பரில் முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து ராட்னி தடி ஊன்றித்தான் நடக்கிறான். மெல்ல வந்து, அண்ணாந்து பார்த்து, நிதானமாக யோசித்து, "ஐஸ்" என்றான்.

"ஐஸ்னு எனக்குத் தெரியாதா!"

ஏழு விழுதுக்கு இத்தனை அலறலா என்று கேட்கலாம். விஷயம் இதுதான். வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஊர் மண்டபத்தில் வாக்கெடுப்பு. மண்டபத்துக் கூரையில் வருஷா வருஷம் அணை கட்டும், சீலிங் ஒழுகும். போன வருஷம் சின்னப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்த மேடையிலேயே ஒரு பலகை விழுந்தது. யார் தலையிலும் படவில்லை, கடவுள் காப்பாற்றினார். சீலிங்கில் உள்ள ஓட்டைகளை அடைத்துப் பஞ்சு பரப்ப வேண்டும் என்று மார்லிஸ் ஒன்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள். அதெல்லாம் எதற்கு, விளிம்பில் கரண்டில் சூடாகிற வயர் ஓட்டி, மிச்ச ஐஸை வழக்கம்போலக் கொத்திக்கொள்ளலாம் என்பது கிளேட்டன் ரூவோனாவின் கட்சி. கூரை ஐஸைக் கொத்தித் தள்ளுவதில் கிளேட்டன்தான் ஊருக்குக் கோடரிக்காரன். இந்தத் தடவை முதன்முதலாக ஊரில் பாதிக்கு மேல் மார்லிஸ் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் வாதத்தைக் கேட்டு அல்ல, அவள் கூரையைப் பார்த்து. அந்தக் கூரையிலேயே அணை என்றால் அவள் பேச்சை யார் நம்புவார்கள்? மண்டபம் போச்சு. இன்னும் எத்தனை வருஷம் பிள்ளைகள் அந்தச் சீலிங்குக்கு அடியில் நின்று பாடுவார்களோ!

செவ்வாய்க்கிழமை விழுது பதினொன்றானது. மார்லிஸ் தன் வாழ்க்கையில் செய்யவே மாட்டேன் என்று சொன்ன காரியத்தைச் செய்யக் கிளம்பினாள்.

எங்கள் ஊரில் பெண்களின் நைலான் காலுறை ஜனவரியில்தான் அதிகம் விற்கும். அந்தக் குளிருக்கு அதை யாரும் காலில் போடுவதில்லை. உள்ளே ஐஸ் உருக்கும் உப்பை அடைத்து, முடிச்சுப் போட்டு, அணையின் குறுக்கே கிடத்தினால் ஒரு வாய்க்கால் உருகும், தேங்கிய தண்ணீர் அதன் வழியே இறங்கும். தாடி வைத்த மரம்வெட்டிகள் கூடக் கூசாமல் ஆறு ஜோடி வாங்கிப் போவார்கள். அவர்களையெல்லாம் மார்லிஸ் பதினோரு வருஷமாக, "என்ன, கூரைக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். அதனால் ஊர்க் கடையில் வாணலி, விளக்கு, கயிறு என்று மூன்று அலமாரி சுற்றிவிட்டுத்தான் காலுறைப் பக்கம் போனாள்.

கல்லாவில் டார்லீன் ஹக்காலா. கடைக்காரியும் அவள்தான், ஊர் சபைத் தலைவியும் அவள்தான். காலுறையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"உனக்கு எதுக்குடி இது?"

"போட்டுக்கத்தான்."

"நீயா? உன் கல்யாணத்துக்கே கம்பளிப் பேண்ட் மாட்டிக்கிட்டு வந்தவ நீ."

"வயசானா ஆசை வரக் கூடாதா?"

"வரட்டும். எக்ஸ்ட்ரா லார்ஜ் எதுக்கு? ஒரு காலுக்குள்ள நீ முழுசாக் குடியிருக்கலாம்."

"துவைச்சா சுருங்கிடும்."

"அப்ப இந்த உப்பு மூட்டை?"

"படிக்கு. ராட்னி வழுக்கி விழுந்தா நீயா வந்து தூக்குவ?"

பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. கையில் கோடரிப் பிடியோடு கிளேட்டன் நின்றுகொண்டிருந்தான்.

"மார்லிஸ், உங்க வீட்டு வளைவுல காலையில ஒரு அதிசயம் பாத்தேன். ஃபோன்ல பிடிச்சு வச்சிருக்கேன், காட்டட்டுமா? இல்ல வேணாம், சனிக்கிழமை மண்டபத்துல எல்லாருக்கும் சேத்துக் காட்டிடுறேன். ஒரே வேலையாப் போயிடும்."

"ஓ, கோடரியை விட்டுட்டு ஃபோட்டோ பிடிக்க ஆரம்பிச்சிட்டியா? அதையாவது கை நடுங்காமப் பிடி, கிளேட்டன்" என்றாள் மார்லிஸ். சொல்லிவிட்டாளே தவிர, காது மடல் இரண்டும் எரிந்தன. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. அவமானம் என்றால் என்னவென்று பதினோரு வருஷத்துக்கப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

காலுறை வைத்தியமும் சிரிப்பாய்ச் சிரித்தது. புதன்கிழமை விடிந்தபோது இரண்டு உப்புக் கால்களும் சறுக்கி, இறவாரத்தில் யாரோ குதிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. தபால் வண்டிக்காரர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

அன்று முழுக்க மார்லிஸ் மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். ஒவ்வொரு ஸ்விட்சுக்குப் பக்கத்திலும் சுடரைப் பிடித்து, காற்று இழுக்கிறதா என்று பார்த்தாள். ஸ்டூல் மேல் ஏறி சீலிங்கை உள்ளங்கையால் தடவினாள். எங்கும் ஒன்றும் அகப்படவில்லை.

"பரணைத் திறந்து பாத்துடலாமே" என்றான் ராட்னி.

"ஏப்ரலுக்கு முன்னால திறக்கக் கூடாது. திறந்தா சூடு ஏறிடும். அதுவும் இல்லாம அது நான் அடைச்ச பரண். அதுல தப்பு இருக்காது."

இறுமாப்புதான், வேறென்ன? அடுத்தவர் வீடாக இருந்தால் பத்தாவது நிமிஷம் பரணுக்குள் தலையை விட்டிருப்பாள். சொந்த வீடு என்றதும் மற்றவர்கள் சொல்லும் சப்பைக்கட்டையெல்லாம் அவளே சொன்னாள். வெயில் அந்தப் பக்கமாக விழுகிறது என்றாள். காற்று திசை மாறிவிட்டது என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சவுனா அடுப்பை மூட்டினார்கள். புதனும் சனியும் சூட்டுக் குளியல் என்றால் குளியல்தான், வீடு பற்றி எரிந்தாலும் அது நிற்காது. முன்பெல்லாம் ஏரிக்கரையில் இருந்த மரக் கொட்டிலுக்குப் போவார்கள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பனிப்பாதையில் ராட்னியால் நடக்க முடியவில்லை. அதனால் அக்டோபரில் மார்லிஸ் இரண்டு வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது, தடியை ஊன்றிக்கொண்டே வீட்டின் நிலவறையில் புதுச் சவுனா கட்டி முடித்துவிட்டான். திரும்பி வந்த மார்லிஸ் பெஞ்சைத் தட்டிப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், பிறகு வெளியே போய் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கூரையைப் பார்த்தாள். "கூரையில ஓட்டை போட்டியா?" "இல்ல." "சத்தியமா?" "சத்தியமா." அத்தோடு திருப்தியாகிவிட்டாள்.

இப்போது அந்தச் சவுனாவின் மேல் பெஞ்சில், துண்டைச் சுற்றிக்கொண்டு, உலகத்தோடு சண்டை போட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ராட்னி கரண்டியால் தண்ணீர் மொண்டு சூட்டுக் கற்கள் மேல் வீசினான். சுர்ரென்று ஆவி எழும்பியது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளு."

"எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல ஒரு கேள்வி கேப்பியே, புதுசா என்ன செஞ்சீங்கன்னு. நம்ம வீட்டுல நீ இன்னும் அதைக் கேக்கல."

"இங்க என்ன புதுசு இருக்கு..."

வாய் பாதியில் நின்றது. மூக்கில் புது தேவதாருப் பலகையின் வாசனை அடித்தது. பலகை இன்னும் கறுக்கவில்லை, ஆணிகள் பளபளத்தன. கற்களிலிருந்து எழுந்த ஆவி ஒரே சீராக நகர்ந்து, மூலையில் மரச்சட்டம் அடித்த காற்றுத் துவாரத்துக்குள் நுழைந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. நல்ல இழுப்பு. மூன்று மாதமாக அந்த இழுப்பை அவளே மெச்சியிருக்கிறாள்.

"ராட்னி."

"ம்."

"இந்த ஆவி எங்க போகுது?"

"குழாய்ல."

"குழாய் எங்க போகுது?"

"சுவருக்குள்ள, மேல."

"மேலன்னா?"

ராட்னி கரண்டியை வாளிக்குள் வைத்தான். "பரண் வரைக்கும். அங்க நிப்பாட்டிட்டேன். நீதான் கூரையில ஓட்டை போடக் கூடாதுன்னியே."

மார்லிஸ் போட்ட கூச்சலில் வாளி கவிழ்ந்தது. அது கோபக் கூச்சல் இல்லை. திருடன் அகப்பட்ட கூச்சல்! துண்டோடு பூட்சை மாட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். அலமாரி அறையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியைச் சாத்தினாள். தன் கையால் ஒட்டிய நாடாவைப் பர்ரென்று கிழித்தாள். பரண் கதவைத் தள்ளியதும் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அறைந்தது.

"ராட்னி! மழை! நம்ம பரண்ல மழை பெய்யுது!"

பஞ்சுக்கு நடுவே நான்கு அங்குலக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே கூரைப் பலகை கறுத்து ஊறி, சொட்டுச் சொட்டாக உதிர்த்துக்கொண்டிருந்தது. டார்ச்சைத் தள்ளிப் பிடித்தால், சூடு எட்டாத மூலைகளில் ஒவ்வொரு ஆணி முனையிலும் வெள்ளை வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. ஏரித் தண்ணீரில் பாதியை அந்தக் கற்கள் வழியாகப் பரணுக்கு ஏற்றியிருக்கிறார்கள்! புதனும் சனியும் ஏற்றிய சூட்டில் மேலே பனி உருகி, விளிம்பில் வந்து அணையாகியிருக்கிறது. அவளுக்கு ஒரே குதூகலம். பத்து வயதுப் பிள்ளை மாதிரி ஏணியிலேயே குதித்தாள்.

கீழே பார்த்தபோதுதான் குதூகலம் அடங்கியது. ராட்னி நல்ல காலில் நின்றுகொண்டு ஏணியைப் பிடித்திருந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"நான்தான் சொதப்பிட்டேன்" என்றான். "சனிக்கிழமை சபையில சொல்லிடு, ராட்னி பண்ணின வேலைன்னு. நான் இளிச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்கென்ன? நீ சொன்னது சரிதான்னு ஆயிடும். மண்டபமும் கிடைச்சிடும்."

மார்லிஸ் இறங்கிவந்து, ஒரு பழைய துண்டைச் சுருட்டி அந்தக் குழாயின் வாயை அடைக்க மறுபடி ஏறினாள்.

வியாழக்கிழமை காலை நீராவி மிஷின் உறுமியது. மார்லிஸ் ஏணியில் ஏறி, ஆவிக் குழாயை அணைக்கு அருகே கொண்டு போனாள். இரண்டு மணி நேர வேலை. அறுத்துத் தள்ளிவிட்டால் கிளேட்டனின் ஃபோட்டோ பழைய கதை, அது வேறு யார் வீடோ என்று சாதித்துவிடலாம். கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கிவந்து மிஷினை அணைத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றான் ராட்னி.

"சாட்சியை எவளாவது அழிப்பாளா?"

சனிக்கிழமை மண்டபத்தில் பதினெட்டுப் பேர். மேடையில் ஒழுகலுக்கு வைத்த வாளி டொக் டொக்கென்று தாளம் போட்டது. கிளேட்டன் ஒரு ஃபோட்டோவைச் சுவரில் பெரிதாக விழவைத்தான். அதற்குள் பதினைந்தாகிவிட்ட விழுதுகளும் தெரிந்தன, தொங்கும் உப்புக் கால் இரண்டும் தெரிந்தன. புதன்கிழமை எடுத்த படம், தபால் வண்டிக்காரரிடமிருந்து வாங்கியிருப்பான் போலிருக்கிறது. மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"டாக்டரம்மாவுக்கே காய்ச்சல்!" என்றான் கிளேட்டன். "இவங்க மருந்தைத்தான் நம்ம மண்டபத்துக்குக் கொடுக்கணுமாம்."

மார்லிஸ் எழுந்தாள். "ஃபோட்டோ கோணலா இருக்கு. நேர்ல வந்து பாருங்க. டார்லீன், கூட்டத்தை என் வீட்டுக்கு மாத்து. காபியும் ஏலக்காய் ரொட்டியும் அங்கதான் இருக்கு."

காபி அங்கே என்றதும் விவாதம் முடிந்துவிட்டது. ஒன்பது வண்டிகள் வரிசையாக வளைவில் திரும்பின.

இருவர் இருவராக ஏணியில் ஏற்றிப் பரணைக் காட்டினாள். உறைபனி பூத்த ஆணிகள், ஊறிக் கறுத்த பலகை, நடுவே துண்டு அடைத்த குழாய். கிளேட்டனும் ஏறினான். உள்ளே தலையை விட்டவன் டார்ச்சை மூலை மூலையாக அடித்துப் பார்த்தான். "அடேங்கப்பா!" என்றது மட்டும் கீழே கேட்டது. பிறகு எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, மார்லிஸ் விழுதுகளைக் கழியால் தட்டிக் காட்டினாள்.

"பதினோரு குளிர்காலம் இந்த விளிம்புல ஒண்ணும் இல்ல. சரிதானே? ஒரே ஒரு குழாய், மூணே மாசம், இந்த அணை. நாலு அங்குலத்துக்கே இந்தக் கதி! மண்டபத்து சீலிங்ல எத்தனை ஓட்டை இருக்குன்னு யாருக்காவது தெரியுமா? நான் எண்ணி வச்சிருக்கேன். நாப்பத்தியாறு. வயர் போட்டா விளிம்புதான் உருகும். நாப்பத்தியாறையும் யார் அடைப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. டார்லீன்தான் கேட்டாள். "அது சரி, குழாயைப் பரண்ல கொண்டுபோய் விட்ட புத்திசாலி யாரு? ராட்னியா?"

எல்லாத் தலையும் ராட்னி பக்கம் திரும்பின. அவன் சொன்னபடியே இளிக்கத் தயாரானான்.

"குழாயைப் போட்டது ராட்னி" என்றாள் மார்லிஸ். ஏரி வரை போகிற குரல் சட்டென்று கம்மியது. "அங்க நிப்பாட்ட வச்சது நான். கூரையில ஓட்டை போட்டா வெளிய அனுப்பிடுவேன்னு முப்பத்திரண்டு வருஷமா மிரட்டிக்கிட்டிருக்கேன். புதுசா சவுனா கட்டினவன்கிட்ட, ஆவி எங்க போகுதுன்னு நான் கேக்கல. ஓட்டை போட்டியான்னு மட்டும்தான் கேட்டேன். இந்த ஊர்ல என் பேச்சை முழுசாக் கேட்டு நடந்த ஒரே மனுஷன் இவன்தான். அதனாலதான் அணை கட்டிச்சு. தப்பு என்னோடது."

ராட்னி தடியால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

டார்லீன் தொண்டையைக் கனைத்தாள். "ஓட்டைகளை அடைக்கணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க." கையுறை போட்ட கைகள் எழும்பின. பதினாறு, பதினேழு. கடைசியாகக் கிளேட்டனின் கை காது வரை வந்தது.

"கிளேட்டன், அது ஓட்டா?"

"குளிருதுன்னு காதைத் தேச்சேன்" என்றான். பிறகு, "சரி, எண்ணிக்கோங்க" என்றான்.

ஆரவாரம் அடங்குவதற்குள் மார்லிஸ் கொட்டகைக்குப் போய் ரம்பத்தோடு வந்தாள். அதை ராட்னியின் கையில் வைத்தாள்.

"போ. ஓட்டை போடு."

"எங்க?"

"என் கூரையில."

ராட்னி ரம்பத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தடியை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கிளேட்டன் ஓடிப்போய்ப் பரண் ஏணியைப் பிடித்துக்கொண்டான். மார்லிஸ் நீண்ட கழியால் அந்த இடத்துப் பனியை வாரித் தள்ளிவிட்டு, கூட்டத்தோடு அண்ணாந்து நின்றாள். முதலில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தார் ஓட்டைப் பிளந்துகொண்டு ரம்பத்தின் நுனி வெளியே வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கட்டிக்காத்த கூரை! "கோணலாப் போகு..." என்று தொடங்கியவள் கையுறையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். டார்லீன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வட்டமாக ஒரு துண்டு உள்ளே விழுந்தது. ஓட்டையிலிருந்து நாலு விரல் எட்டிப் பார்த்து அசைந்தன. அதன் பின்னால் ராட்னியின் குரல் வந்தது. அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

"மார்லிஸ்! ஓட்டை போட்டாச்சு! இது வழியா என்னை வெளிய அனுப்புறியா?"

மார்லிசுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

"நாலு அங்குலத்துல உன் மூக்குதான் வெளிய வரும்! குழாயை ஏத்தி மாட்டு, நான் மேல வந்து சுத்தி அடைக்கிறேன். சீக்கிரம் ஆகட்டும், இன்னிக்கு சனிக்கிழமை. சவுனா மூட்டணும்."